குமரி மாவட்டத்தில் பிள்ளைகளுக்கு ஃபிளை ஃபிஷிங்: எங்கே தொடங்குவது, ஃபிளை கட்டப் பழகுவது எப்படி?

இரணியல்காரி

அனைவருக்கும் வணக்கம். என் மகன் ஏழாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. விடுமுறை வந்தால் இருவரும் தாத்தாவுடன் வள்ளியாற்றுக்கோ பக்கத்துக் குளத்துக்கோ தூண்டில் போடப் போய்விடுவார்கள். மண்புழு கோப்பது, மைதா உருட்டுவது, தக்கை அசைவதைப் பார்த்து இழுப்பது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இப்போது இருவருக்கும் ஃபிளை ஃபிஷிங் ஆசை வந்திருக்கிறது. ஃபிளை என்று சொல்லும், இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியைக் காட்டி மீனைப் பிடிக்கலாம் என்பதே அவர்களுக்குப் பெரிய வியப்பு. மகனுக்கு அந்த நீளக் கயிற்றை வீச வேண்டும். மகளுக்கு அந்தப் பூச்சியைத் தன் கையால் கட்ட வேண்டும்.

நாகர்கோவில் கடைகளில் சாதாரண கோலும் ரீலும்தான் கிடைக்கின்றன. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு முழு செட் விற்கிறார்கள். வாங்கலாமா? இந்த வயது போதுமா? "அது டிரௌட் மீனுக்கான வித்தை, இங்கே எந்த மீன் கடிக்கப்போகிறது?" என்று கணவர் கேட்கிறார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பழகியவர்கள் வழிகாட்டுங்கள்.

குளத்துவாசி

அக்கா, இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வயதைப் பற்றிய கவலையும் வேண்டாம். மண்புழு கோக்கத் தெரிந்த விரல் ஃபிளையும் கட்டும்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்குப் பதில். டிரௌட்டை ஆங்கிலேயர்கள் நீலகிரிக்கும் மூணாறுக்கும் கொண்டுவந்து விட்டார்கள். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் 1907-இல் வந்தது. அந்த மீனுக்குக் குளிர்ந்த நீர் வேண்டும், நம் மாவட்டத்தில் அது பிழைக்காது. ஆனால் பூச்சி தின்கிற எந்த மீனும் ஃபிளையைக் கடிக்கும், சிறுமீன் தின்கிற எந்த மீனும் கடிக்கும். நம் குளங்களில் வெளிச்சி, சிறு கெண்டை, சிலேப்பி, வரால் இருக்கின்றன. ஆறு கடலில் சேரும் பொழிமுகங்களில் கொடுவா, பாரை, சீலா இருக்கின்றன. ஊட்டிக்கு பஸ் ஏறத் தேவையே இல்லை.

இனி கோல். ஜப்பானில் மலையோடைகளில் டெங்காரா என்று ஒரு முறை உண்டு. ரீல் கிடையாது. கோல் முனையில் கயிறு நிரந்தரமாகக் கட்டியிருக்கும், கயிற்றின் நுனியில் ஃபிளை, அவ்வளவுதான். தாத்தாவின் மூங்கில் தூண்டிலில் தக்கையையும் ஈயத்தையும் கழற்றிவிட்டால் ஏறக்குறைய அதுவே கிடைத்துவிடும். பத்துப் பன்னிரண்டு அடி நீளமும், முனையில் நல்ல வளைவும் இருந்தால் போதும். கைப்பக்கம் கனமாக இருந்தால் பிள்ளைகளின் மணிக்கட்டு வலிக்கும், மெலிந்த மூங்கிலாகப் பார்த்து வெட்டுங்கள்.

மாற்ற வேண்டியது கயிறு. ஃபிளைக்கு எடை இல்லை. ஒற்றைத் தங்கூசியில் (நைலான் தூண்டில் நூலில்) கட்டி வீசினால் முகத்துக்கு முன்னாலேயே விழும். கயிற்றுக்குக் கனம் வேண்டும், அந்தக் கனம் கோல் முனையிலிருந்து ஃபிளையை நோக்கிக் குறைந்துகொண்டே போக வேண்டும். மெல்லிய தங்கூசியை நான்கு இழையாக முறுக்கி ஒரு துண்டு, மூன்று இழையாக ஒரு துண்டு, இரண்டு இழையாக ஒரு துண்டு என்று முடிந்து, கடைசியில் மூன்று அடி ஒற்றை இழை விடுங்கள். மொத்த நீளம் கோலின் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால் போதும். பழைய காலத்தில் ஐரோப்பாவில் குதிரை வால் மயிரைக் கொண்டு இதே மாதிரிதான் முறுக்கினார்கள். ஒரு மாலையில் தாத்தாவும் பேரனும் உட்கார்ந்து செய்துவிடலாம்.

இடம்: குளம் நிரம்பி வழியும் மறுகால் ஓடும் இடம், அல்லது சானலில் மடைக்குக் கீழே நீர் சுழலும் இடம். நேரம்: வெயில் தாழ்ந்த பிறகு. மீன்: வெளிச்சி. வெளிச்சி நீர்மட்டத்தில் கூட்டமாகத் திரியும், விழுந்த கொசுவையும் எறும்பையும் அந்த நொடியே எடுக்கும். விரல் நீள மீன்தானே என்று பெரியவர்கள் அலட்சியம் செய்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தான் கட்டிய பூச்சியில் தானே ஒரு மீனைப் பிடித்த பிள்ளை இந்த வித்தையை விடாது. அந்த முதல் மீன் சீக்கிரம் கிடைக்க வேண்டும். வராலும் கொடுவாவும் காத்திருக்கட்டும்.

கோதையாற்றுக்காரன்

அண்ணாச்சி சொன்னதில் மகளுக்கான பகுதியை முழுதாக ஏற்கிறேன். மகனுக்கு அது போதாது. அவன் ஆசைப்படுவது கயிறு வீச. மூங்கில் கோலைக் கொடுத்து "இதுவும் அதுதான்" என்றால் பன்னிரண்டு வயதுப் பையன் ஏற்றுக்கொள்ள மாட்டான், ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். நான் வெளிநாட்டில் வேலை செய்த காலத்தில் ஆற்றங்கரையில் முறையாகப் பழகினேன். சின்ன வயதில் கைக்கு வந்துவிட்டால் அது போகாது.

வாங்குவதானால் ஒன்பது அடிக் கோல், ஐந்தாம் எண் லைன் (வீசும் அந்த நீளக் கயிறு). எண் என்பது லைனின் எடை. ஐந்தாம் எண் லைனில் முதல் 30 அடி 140 கிரெயின், ஏறக்குறைய 9 கிராம். எட்டாம் எண்ணில் அதே 30 அடி 210 கிரெயின். கோலிலும் லைனிலும் ஒரே எண் இருக்க வேண்டும், முதலில் பார்க்க வேண்டியது அதுதான். ரீலில் அதிகப் பணம் போடாதீர்கள், சிறு மீனுக்கு அது கயிறு சுற்றி வைக்கும் இடம் மட்டுமே. லைன் நல்லதாக இருக்கட்டும். மிதக்கும் லைன் என்று கேட்டு வாங்குங்கள்.

பழகத் தண்ணீரே வேண்டாம். பள்ளி மைதானம் போதும், புல் இருந்தால் நல்லது, கட்டாந்தரையில் லைனின் மேல்பூச்சு உரிந்துவிடும். நுனியில் முள் கட்டாமல் சிவப்புக் கம்பளி நூல் துணுக்கு கட்டுங்கள். கட்டைவிரல் கோலின் மேல்பக்கம். கோலைப் பின்னால் தூக்கி, தலையைச் சற்றே கடந்ததும் சட்டென்று நிறுத்த வேண்டும். லைன் பின்னால் போய் விரியும் வரை காத்திருக்க வேண்டும். விரிந்ததும் முன்னால் கொண்டுவந்து மறுபடி சட்டென்று நிறுத்த வேண்டும். பிள்ளைகள் எல்லோருக்கும் வரும் சிக்கல் அந்தக் காத்திருப்பில்தான். பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். லைன் விரிவதைக் கண்ணால் பார்த்த பிறகு கை தானாகக் காத்திருக்கும். சாட்டைச் சத்தம் கேட்டால் அவசரப்பட்டுவிட்டான் என்று அர்த்தம். உண்மையான ஃபிளை கட்டியிருந்தால் அது அந்த இடத்திலேயே அறுந்து போயிருக்கும்.

நம் மாவட்டத்தில் இரண்டு சங்கடங்கள். கிழக்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று. முப்பந்தலில் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தோவாளைப் பக்கத்துக் குளங்களில் அதிகாலையில் மட்டும் முயலுங்கள். வலக்கைக்காரனுக்கு வலப்பக்கமிருந்து காற்றடித்தால் முள் காதுக்கு வரும், அப்போது நிற்கும் கரையை மாற்ற வேண்டும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் காற்று குறைவு, ஆனால் முதுகுக்குப் பின்னால் தென்னையும் ரப்பரும். அங்கே பின்னால் வீசவே முடியாது. ரோல் காஸ்ட் பழக வேண்டும்: லைனை நீர்மேல் மெல்ல இழுத்துவந்து, கோலைக் காதருகே நிமிர்த்தி, லைன் தோளுக்குப் பின்னால் வளைந்து தொங்கும்வரை பொறுத்து, முன்னால் தட்டி நிறுத்துவது. இதற்கு மட்டும் தண்ணீர் வேண்டும், நீர் லைனைப் பிடித்துக்கொள்ளும் பிடிதான் அதன் பலம்.

குளத்துவாசி

தம்பி, வீசும் முறையை இவ்வளவு தெளிவாகத் தமிழில் எழுதி நான் பார்த்ததில்லை, நன்றி. ஆனாலும் வரிசையில் நான் மாறமாட்டேன். செட்டை முதலில் வாங்கிக் கொடுத்தால் பையன் மைதானத்தில் வீசிப் பழகுவான், சரி. நீருக்குப் போனதும் அறுபது அடி தூரத்துக்கு வீசப் பார்ப்பான். மீன் அவன் காலடியில், கரைப்புல்லின் ஓரத்தில் இருக்கும். கயிறு நீளாத கோலை வைத்திருப்பவன் பதுங்கி நடக்கவும் நீரைப் பார்க்கவும் கற்றுக்கொண்டாக வேண்டும், அவனுக்கு வேறு வழி இல்லை. அதைக் கற்றவன் கையில் பிறகு ரீல் கோலைக் கொடுங்கள், மிக வேகமாகத் தேறுவான்.

கோதையாற்றுக்காரன்

இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்கலாமே அண்ணாச்சி. மாலையில் மைதானம், ஞாயிற்றுக்கிழமை குளம். செட் வாங்கும் வரை யாரிடமாவது இரவல் கேட்கலாம். குலசேகரம் பக்கம் வந்தால் என்னுடைய கோலை அந்தப் பையன் தாராளமாக வீசிப் பார்க்கட்டும், பெரியவர் ஒருவர் கூட வர வேண்டும்.

தோவாளைப் பூக்கட்டி

அக்கா, உங்கள் மகளுக்காக எழுதுகிறேன். எல்லோரும் கோலைப் பற்றியே பேசுகிறார்கள்!

நான் பூக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவள். ஃபிளை கட்டுவது பூத்தொடுப்பது மாதிரிதான்: நூல் எப்போதும் இழுவையில் இருக்க வேண்டும், ஆனால் தண்டை அறுக்கக் கூடாது. அந்த இழுவை விரலுக்குப் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் பழக்கம். மகளுக்குப் பிச்சிப்பூத் தொடுக்கத் தெரியும் என்றால் பாதி வேலை முடிந்தது.

கருவிகள். முள்ளைப் பிடிக்க ஓர் இடுக்கி வேண்டும். நகைத் தொழிலாளர்கள் பயன்படுத்தும் கைவைஸ் போதும், மேசை விளிம்பில் அசையாமல் இறுக்கிவிடுங்கள். கூர்மையான சிறு கத்தரிக்கோல். சாதாரண தையல் நூல், கறுப்பும் பழுப்பும். நூல் கட்டையில் ஒரு துணி கிளிப்பை மாட்டித் தொங்கவிட்டால் அதன் எடையே நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கை ஓயலாம். நூலில் தேன்மெழுகு தடவினால் வழுக்காது. மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்ப்பவர்களிடம் கேட்டால் ஒரு கட்டி தருவார்கள். கடைசியில் தலைமுடிச்சின் மேல் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சொட்டு.

இறகு. நாட்டுச் சேவலின் கழுத்து இறகு விறைப்பாக இருக்கும், நீர்மேல் மிதக்கும் பூச்சிக்கு அதுதான். பெட்டைக்கோழியின் இறகு மெத்தென்று இருக்கும், நீருக்குள் அசைந்து உயிருள்ளதுபோல் தெரியும். வாத்தின் வால் அடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி இருக்கும் சின்னஞ்சிறு இறகுகள் எளிதில் நனையாது, அவை கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். உலகம் முழுவதும் ஃபிளை கட்டுபவர்கள் வாங்கும் விலை மலிந்த சேவல் கழுத்துத் தோல்கள் பல இந்தியாவிலிருந்துதான் போகின்றன. நமக்கு அது கோழிக்கடை வாசலில் கிடைக்கிறது.

முதல் ஃபிளை கறுப்பு எறும்பாக இருக்கட்டும். அதைவிட எளிதானதும் இல்லை, நம் மீனுக்கு அதைவிடப் பழக்கமான தீனியும் இல்லை. முள்ளில் எண் கூடக்கூட அளவு குறையும். பழக 10-ஆம் எண் எடுங்கள். இடுக்கியில் மாட்டுவதற்கு முன்பே முள்ளின் செதிலை, அதாவது நுனிக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீட்டிய சிறு கூரை, குறட்டால் நசுக்கிவிடுங்கள். நூலை முள்ளின் கண்ணுக்கு (தங்கூசி நுழையும் துளைக்கு) சற்றுப் பின்னால் தொடங்கி, தன் மேலேயே சுற்றிப் பூட்டி, பின்வளைவு வரை கொண்டுபோங்கள். அங்கே நூலாலேயே ஓர் உருண்டை. பிறகு இடைவெளி. முன்னால் சற்றுச் சின்னதாக இன்னோர் உருண்டை. நடுவில் அந்த மெலிந்த இடையில் சேவல் இறகின் அடியைக் கட்டி, இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, நூலால் அமுக்கி, மிச்சத்தை வெட்டுங்கள். அந்தச் சுற்றில் விரியும் மயிர்தான் கால்கள். நூலை முன்னால் கொண்டுவந்து அரைமுடிச்சு நான்கைந்து போடுங்கள். காலி பேனா ரீஃபிலின் வாயில் நூலை வளையமாகச் சுற்றி, அதை முள்ளின் கண் மேல் வைத்து வளையத்தைத் தள்ளினால் முடிச்சு சரியான இடத்தில் விழும். முள்ளின் கண்ணை ஒட்டிக் கொஞ்சம் இடம் விட்டே கட்ட வேண்டும், பிள்ளைகள் கடைசிவரை நெருக்கிவிடுவார்கள், பிறகு தங்கூசி நுழையாது. ஒரே எறும்பைத் திரும்பத் திரும்பக் கட்டச் சொல்லுங்கள். அடுத்த வகைக்கு அவசரமாகத் தாவினால் கை தேறாது.

அதன்பிறகு ஈசல். இதை நான் மிகவும் நேசிக்கிறேன். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஈசல் கிளம்பி விளக்கைச் சுற்றும் நாளில் குளத்தில் என்ன நடக்கிறது என்று போய்ப் பாருங்கள், கெண்டைகள் நீர்மட்டத்தில் கொப்பளித்துக்கொண்டிருக்கும். பழுப்புக் கம்பளி நூலில் உடம்பு, முதுகோடு படிந்து உடம்பைவிட நீண்ட இரண்டு வெள்ளை இறகு நுனிகள் சிறகாக, முன்னால் ஒரு சுற்று பழுப்பு இறகு. நமக்கு இரண்டு பருவமழை, ஆகையால் ஈசலுக்கும் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வாய்ப்பு.

பழைய ரப்பர் செருப்பை வீசாதீர்கள். மெல்லியதாகச் சீவி முள்ளின் மேல் கட்டினால் மூழ்கவே மூழ்காத வண்டு.

மகளுக்கு ஒரு கதையும் சொல்லுங்கள். ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன்பு ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் மக்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவல் தாடியடியில் வளரும் இரண்டு இறகுகளைக் கட்டி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். அவள் செய்யப்போவதும் அதே வேலைதான்.

நெய்யூர் ஆசிரியர்

இறகு பற்றிச் சகோதரி எழுதியதைப் படித்ததும் சில செய்திகளைச் சேர்க்கத் தோன்றியது. என் மாணவர்களுக்கும் இதையே சொல்கிறேன்.

கோழி, வாத்து இறகோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் மலைக்காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில் அரக்குப் பொட்டு வைத்ததுபோல் பளபளப்பான புள்ளிகள் உண்டு. மேலைநாட்டு சால்மன் ஃபிளைகளில் அந்த இறகுக்கு இருந்த மதிப்பால் இந்தப் பறவை ஏராளமாக வேட்டையாடப்பட்டது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். இணையத்தில் யாராவது அந்த இறகை விற்க வந்தால் வாங்காதீர்கள். மீன்கொத்தி, கொக்கு இறகும் வேண்டாம். தானாக உதிர்ந்த மயில் தோகையை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் தருகிறது, வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை. தோகையின் ஒவ்வோர் இழையும் வண்டு உடம்பு சுற்ற மிக அருமையானது.

இடத்திலும் கவனம் தேவை. சுசீந்திரம், தேரூர் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022-இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கே தூண்டிலோடு போகாதீர்கள், வேண்டுமானால் பறவை பார்க்கப் போங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள காடு வனவிலங்குச் சரணாலயம், அங்கும் கூடாது. ஊர்க் குளங்கள் பலவற்றை மீன் வளர்க்கக் குத்தகைக்கு விடுகிறார்கள். குத்தகைக்காரரிடம் பிள்ளைகளே போய்க் கேட்கட்டும். "வெளிச்சியும் சிலேப்பியும் மட்டும் பிடிப்போம், வளர்ப்பு மீன் மாட்டினால் விட்டுவிடுவோம்" என்று சொன்னால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். சிலேப்பி 1952-இல் வெளியிலிருந்து வந்த மீன், பெருகிக்கொண்டே போவது, தாராளமாக வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வரால் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். சிவந்த குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொதிப்பதுபோல் எழும்பித் தாழும். அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கும். அதன் நடுவே எதைப் போட்டாலும் பெரிய வரால் ஆத்திரத்தில் பாயும். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அந்த இடத்தைக் கடந்து போய்விட வேண்டும். இதை மட்டும் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

கண்ணுக்குக் கண்ணாடி, தலைக்குத் தொப்பி இல்லாமல் யாரும் வீசக் கூடாது. காலில் புண் இருந்தால் சானலில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. அறுந்த தங்கூசியில் ஒரு சாண்கூடக் கரையில் விடாமல் பொறுக்கி எடுத்துவர வேண்டும், அது நாரைகளின் காலைச் சுற்றிக்கொள்கிறது.

தூத்தூர்க் கடலோரம்

எங்கள் பக்கத்துக்காரர்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்கப் பெயர் பெற்றவர்கள். முள்ளும் தங்கூசியும் எங்களுக்குக் குலத்தொழில். அயிலைக்கு நாங்கள் ஒரே தங்கூசியில் பல முட்கள் கட்டி, ஒவ்வொன்றிலும் பளபளக்கும் இழை சுற்றிவிடுவோம், இரை எதுவும் வைப்பதில்லை. இறகு கட்டி மீன் பிடிப்பது எங்கோ குளிர்நாட்டுச் சமாச்சாரம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். முடிச்சுப் பழக வேண்டுமென்றால் பிள்ளைகளை ஏதாவது கடற்கரை ஊருக்கு அழைத்துப் போய், வலை சீர்செய்துகொண்டிருக்கும் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஐந்து சுற்றுச் சுற்றி, முனையை முதல் வளையத்துக்குள் விட்டு, எச்சிலில் நனைத்து இறுக்கும் முடிச்சை அவர் கண்ணை மூடிக்கொண்டே போட்டுக் காட்டுவார். நனைக்காமல் இறுக்கினால் தங்கூசி சூட்டில் வலுவிழந்துவிடும்.

ஆனால் அலைவாய்க்கரைக்கும் பாறைக்கும் பிள்ளைகளைக் கொண்டுபோகவே வேண்டாம். நம் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத, வெயிலடிக்கும் நாளில் வந்து ஏறும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அப்படித்தான் கடல் கொண்டுபோனது. கொடுவா, பாரை ஆசை வந்தால் மணக்குடி, தேங்காய்ப்பட்டணம் மாதிரி பொழிமுகத்தின் உள்பக்கம், பாலத்துக்கும் கழிமுகத்துக்கும் இடையில் நீர் அமைதியாக இருக்கும் இடத்தில், கடல் தெரிந்த ஒருவருடன், உயிர்காப்புச் சட்டை அணிந்து நில்லுங்கள். அதுவும் இன்னும் இரண்டு வயது கூடிய பிறகு.

அப்போது கட்ட வேண்டிய ஃபிளை கிளவுசர் மின்னோ. பாப் கிளவுசர் என்ற அமெரிக்கர் 1980-களில் ஆற்று மீனுக்காக உருவாக்கியது, இன்று உலகக் கடலெல்லாம் ஓடுகிறது. அவர்கள் மான் வால் மயிர் கட்டுகிறார்கள். நமக்கு இறைச்சிக்கடையில் வெள்ளாட்டு வால் கிடைக்கும், நீண்ட மயிராகப் பார்த்துக் கேளுங்கள். கண்ணுக்குச் சாவிக்கொத்துக் குண்டுச் சங்கிலியில் இரண்டு குண்டை வெட்டிக் கட்டலாம். இந்தக் குண்டுக் கண் முள்ளின் ஒரு பக்கமாக உட்கார்வதால் ஃபிளை தலைகீழாகத் திரும்பி நீந்தும், முள் மேல்நோக்கி இருக்கும், அடியில் கல்லில் சிக்காது. வெள்ளையும் பச்சையும் கட்டினால் நெத்தோலி மாதிரியே இருக்கும். உப்புநீரில் பயன்படுத்திய எதையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள்.

இரணியல்காரி

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தாத்தாவும் பிள்ளைகளும் சேர்ந்து கயிறு முறுக்கினார்கள். மகள் எறும்பு கட்டிக்கொண்டே இருக்கிறாள், அவள் கட்டுவது நாளுக்கு நாள் எறும்பு மாதிரியே ஆகிவருகிறது. நேற்று மாலை குளத்து மறுகாலில் போட்டார்கள். வெளிச்சி எழும்பி வந்து எடுப்பதை நானே பார்த்தேன். ஆனால் முள்ளில் ஒன்றும் மாட்டவில்லை. மகன் இழுத்த வேகத்தில் எறும்பு பின்னால் தென்னை ஓலையில் போய்ச் சிக்கியது. எங்கே சரிசெய்ய வேண்டும்?

குளத்துவாசி

மீன் எழும்பியது என்றால் மகள் தன் வேலையைச் சரியாகச் செய்துவிட்டாள். அவளிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

10-ஆம் எண் முள் கட்டிப் பழக ஏற்றது, வெளிச்சியின் வாய்க்குப் பெரிது. எறும்பை நுனியில் கவ்விப் பார்த்துவிட்டுத் துப்பியிருக்கும். இப்போது அவள் கை தேறிவிட்டதால் 14-ஆம் எண்ணில் கட்டட்டும். கடைசி மூன்று அடியும் மெல்லியதாக, 0.15 மில்லிமீட்டர் அளவில் இருக்கட்டும்.

மகனிடம் இழுக்காதே என்று சொன்னால் போதாது, என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல வேண்டும். மண்புழுத் தூண்டிலில் தக்கை அமிழ்ந்ததும் வெடுக்கென்று இழுத்த பழக்கம் அது. இங்கே கோல் முனையை ஒரு சாண் தூக்கினால் போதும், மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். அதற்குக் கயிறு தொய்வில்லாமல் இருக்க வேண்டும். வீசியதும் கோல் முனையை உயர்த்திப் பிடித்து, கயிற்றின் பெரும்பகுதி நீரில் படாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஒற்றை இழையும் எறும்பும் மட்டும் நீரில். கயிறு நீரில் கிடந்தால் மறுகால் ஓட்டம் அதை இழுக்கும், அதனுடன் எறும்பும் கோடு போட்டுக்கொண்டு ஓடும். உண்மை எறும்பு ஓட்டத்தோடு மிதந்து போகுமே தவிர அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடாது. மீன் அதைப் பார்த்ததும் கடைசி நொடியில் திரும்பிவிடும்.

முள் கூர்மையா என்று நகத்தில் வைத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கிவிட்டது.

கோதையாற்றுக்காரன்

பின்னால் தென்னை இருக்கும் இடத்தில் நிற்க வேண்டாம். மறுகாலின் எதிர்ப்பக்கம் போய், கோலைத் தலைக்கு மேல் கொண்டுபோகாமல் பக்கவாட்டில் வீசச் சொல்லுங்கள். கோலின் நிழலும் நீரில் விழாது.

இரணியல்காரி

மாட்டியது! மகள் கட்டியது, மகன் பிடித்தான், விரல் நீள வெளிச்சி. கையை நனைத்துக்கொண்டு எடுத்து, தாத்தாவிடம் காட்டிவிட்டு நீரில் விட்டுவிட்டார்கள். இப்போது மகளுக்குக் கோல் வேண்டுமாம், மகனுக்கு இடுக்கி வேண்டுமாம்.

அருமனை மாணவன்

நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இந்த இழையைப் படித்து எறும்பும் ஈசலும் கட்டிவிட்டேன், கைவைஸுக்குப் பதிலாகச் சைக்கிள் கடை அண்ணனின் குறட்டை ரப்பர் பேண்டால் இறுக்கிப் பயன்படுத்துகிறேன். ஒரு சந்தேகம். சேகரித்து வைத்த சேவல் இறகுகளில் வெள்ளைப் பொடி மாதிரி விழுகிறது, சில இறகுகள் நடுவில் அரித்துப் போய்விட்டன. டப்பாவில்தான் வைத்திருந்தேன். என்ன செய்வது?

தோவாளைப் பூக்கட்டி

தம்பி, குறட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டது மிக நல்ல யோசனை, அதை நானும் மற்றவர்களுக்குச் சொல்வேன்.

இறகில் பூச்சி விழுந்திருக்கிறது. அரித்த இறகுகளை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடு, மற்ற இறகுகளோடு கலக்காதே. மிச்சத்தை ஷாம்பூ கலந்த வெதுவெதுப்பான நீரில் அலசி, இரண்டு முறை நல்ல தண்ணீரில் கழுவி, செய்தித்தாளில் பரப்பி நிழலில் உலர்த்து. முழுதாக உலர்ந்த பிறகு காற்றுப் புகாத பாலித்தீன் உறையில் போட்டு, அம்மாவிடம் கேட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் இரண்டு வாரம் வை. நடுவில் ஒருநாள் வெளியே எடுத்து வைத்துத் திரும்ப உள்ளே வைத்தால் முட்டைகளும் மிஞ்சாது. பிறகு டப்பாவில் நிறம் பிரித்து, இரண்டு துண்டு வசம்பு போட்டு மூடு. புதிதாகக் கோழிக்கடையிலிருந்து எந்த இறகைக் கொண்டுவந்தாலும் இதே வழியில் போய் வந்த பிறகுதான் அந்த டப்பாவுக்குள் சேர வேண்டும்.